சேதி வந்தப்போ எங்கே இருந்தீங்க?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெரியவர்களிடம் வயசு கேட்டால் எண் வராது. "காந்தி செத்தப்போ நான் கைப்பிள்ளைப்பா" என்பார் ஒருவர். "எம்ஜியாரை ராதா சுட்டப்போ எனக்குப் பரிசம் போட்டிருந்தாக" என்பார் ஓர் ஆத்தா. "இந்திரா காந்தி செத்தன்னைக்குத்தான் இவன் பெறந்தான்" என்று பக்கத்தில் நிற்கும் மகனைக் கையைக் காட்டுவார்கள். ஆதார் அட்டையில் ஒரு பிறந்த தேதி இருக்கத்தான் செய்யும். ஆனால் அது பல பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட வாத்தியார் போட்ட தேதி. வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது என்று அர்த்தம். தொட்ட கைக்கு ஒரு மே மாதமோ ஜூன் மாதமோ எழுதிக் கொடுத்துவிடுவார். அட்டையில் இருப்பது அரசாங்கத்தின் தேதி. ஊர் நினைவில் வைத்திருப்பது சேதியின் தேதி.

ஒரு பெரிய சேதி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி உலகம் முழுக்க கேட்கப்படுகிறது. அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22ஐ வைத்து ஒரு தலைமுறையே இந்தக் கேள்வியை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது. ஆனால் கேள்வி கென்னடியைவிட மூத்தது. 1899இல் எஃப். டபிள்யூ. கோல்கிரோவ் என்ற ஆய்வாளர், லிங்கன் சுடப்பட்ட சேதியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று 179 பேரிடம் விசாரித்தார். லிங்கன் இறந்தது 1865இல். முப்பத்து மூன்று வருடம் கழிந்தும் 127 பேர் இடம், நேரம், சொன்ன ஆள் என்று விவரத்தோடு பதில் சொன்னார்கள். வயலில் நின்றேன், வேலியில் சாய்ந்து நின்றேன் என்கிற மாதிரியான பதில்கள்.

நம்ம ஊரில் இந்தக் கேள்வியை இவ்வளவு முறையாக யாரும் கேட்டு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பதில்கள் இருக்கின்றன. டீக்கடை பெஞ்சில், இழவு வீட்டுப் பந்தலில், கண்மாய்க் கரையில். அந்தப் பதில்களை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் நம் முன்னால் உள்ள கேள்வி.

பாட்டு வைத்திருந்த சேதி

செய்தித்தாளும் ரேடியோவும் இல்லாத காலத்தில் ஊரார் சேதியை எப்படி வைத்துக்கொண்டார்கள்? மதுரையில் அதற்கு நல்ல உதாரணம் கான்சாகிபு. மருதநாயகம் என்று இன்று எல்லோரும் அறிந்த யூசுப் கான், 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கும்பினிக்காகக் கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தவர், கடைசியில் அதே கும்பினியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, கூட இருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டவர். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கம் இருக்கிறது. இன்றும் அங்கே போய் வணங்குகிறார்கள்.

அந்தச் சேதியை முதன்முதலில் கேட்ட மதுரைக்காரர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று நமக்குத் தெரிய வழியில்லை. தனி ஆளின் நினைவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல். அதோடு, தூக்குக் கயிறு அறுந்து அறுந்து விழுந்தது, உடலைத் துண்டுதுண்டாக வெட்டித் திசைக்கு ஒன்றாக அனுப்பினார்கள் என்ற வாய்மொழிக் கதைகள். கேட்டவர்களின் அச்சமும் பிரமிப்பும் கதைக்குள் ஏறிக்கொண்டன. "நான் எங்கே இருந்தேன்" என்று சொல்ல ஆளுக்கொரு நினைவு வேண்டியிருக்கவில்லை. பாட்டே எல்லோருக்கும் சேர்த்து நினைவு வைத்துக்கொண்டது.

"நான் அப்போ அங்கிட்டு நின்னுக்கிட்டிருந்தேன்" என்று தனி ஆள் சொல்லத் தொடங்கியதில் தந்திக்கும் பத்திரிகைக்கும் ரேடியோவுக்கும் பெரிய பங்கு உண்டு. சேதி ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் வந்து விழ ஆரம்பித்ததும், அந்த நிமிடத்தில் தான் எங்கே இருந்தோம் என்பதும் ஒரு விஷயமாக ஆனது.

இதில் மதுரைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சி. பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1ஆம் தேதி தன் நாளிதழைத் தொடங்கியது மதுரையில்தான். இன்று தினத்தந்தி என்று நாம் அறியும் அந்தப் பத்திரிகைக்கு அப்போது வைத்த பெயர் தந்தி. அந்தச் சொல் அன்றைக்கு என்ன அர்த்தம் கொடுத்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். தந்திச் சேவகன் தெருவுக்குள் சைக்கிளில் நுழைந்தால் பெண்கள் உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். வேலை கிடைத்ததற்கும் தந்திதான் வரும், பிள்ளை பிறந்ததற்கும் தந்திதான் வரும். ஆனால் "தந்தி வந்திருக்கு" என்றால் ஊரில் முதலில் தோன்றும் அர்த்தம் சாவு. அந்தச் சொல்லையே பெயராக வைத்து, படித்தவர் ஒருவர் வாசிக்கச் சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்கும்படியான எளிய தமிழில் அந்தப் பத்திரிகை வளர்ந்தது. டீக்கடையில் ஒரே பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாகப் படிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னமும் முழுசாக ஒழியவில்லை.

தை வெள்ளிக்கிழமை

1948 ஜனவரி 30, தை மாதத்து வெள்ளிக்கிழமை. டெல்லியில் மாலை 5.17க்கு காந்தி சுடப்பட்டார். ஆறு மணிக்கு அகில இந்திய வானொலி அறிவித்தது. விளக்கு வைக்கிற நேரம். தை வெள்ளி என்றால் கோயிலில் கூட்டம் இருக்கும், வீட்டில் மெழுகிக் கோலம் போட்டிருப்பார்கள். "விளக்கு வைக்கிற நேரத்துல சேதி வந்துச்சு" என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். அது கவித்துவத்துக்காகச் சொன்னதென்று நான் நினைத்ததுண்டு. கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது.

அப்போது மதுரையில் வானொலி நிலையம் கிடையாது. 1939 மே 16இல் தொடங்கிய திருச்சி நிலையம்தான் நம் பக்கத்துக் காது. ரேடியோப் பெட்டிக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம். பெட்டி வைத்திருந்த வீடுகள் குறைவு. எனவே அந்தச் சாயங்காலம் சேதி பெரும்பாலும் பெட்டியிலிருந்து நேராக வரவில்லை. பெட்டி இருந்த வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து கடைவீதிக்கும், அங்கிருந்து கடைசிப் பஸ்ஸில் ஏறி ஊர்களுக்கும் போனது. சில ஊர்களுக்கு மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தது. பத்து மைல் தள்ளியிருந்த ஊரில் காந்தி ஒரு ராத்திரி கூடுதலாக உயிரோடு இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

சுட்டவன் இந்து என்பதை வானொலி முதல் அறிவிப்பிலேயே சேர்த்துச் சொன்னது. அது யோசித்துச் செய்த காரியம். பிரிவினையின் ரத்தம் காயாத சமயம். சுட்டவன் முஸ்லிம் என்று ஒரு வதந்தி கிளம்பியிருந்தால் அந்த ராத்திரி நாட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அடுத்த நாள் ஜனவரி 31 அன்று திருச்சி வானொலியில் பெரியார் இரங்கல் உரை ஆற்றினார். காந்தியின் அரசியலை வாழ்நாளெல்லாம் எதிர்த்துப் பேசியவர் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து துக்கம் சொன்னார். மகாராஷ்டிரத்தில் பிராமணர் வீடுகள் எரிந்த அந்த நாட்களில், சென்னை மாகாணத்தில் அப்படி ஒன்றும் பரவாததற்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்தக் குரலும் ஒன்று. ஒரு சேதி வந்தபோது எங்கே இருந்தோம் என்பதைப் போலவே, யார் வாயால் அதைக் கேட்டோம் என்பதும் அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

மதுரைக்கு காந்தி தூரத்து ஆள் இல்லை. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டையையும் தலைப்பாகையையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார். 1946 பிப்ரவரியில் கடைசியாக வந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். ஏழு வருடம் முன்னால் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்த கோயில். எனவே 1948இல் சேதி கேட்ட மதுரைக்காரர்களில் கணிசமான பேர், செத்துப்போன மனிதரை இரண்டு வருடத்துக்கு முன் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

பிறகு 1959 ஏப்ரல் 15இல் தமுக்கம் அரண்மனையில் காந்தி மியூசியத்தை நேரு திறந்து வைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. மதுரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போய்ப் பார்க்கிற துணி. 1948ஐ அனுபவித்தவர்களும் பின்னால் போய் அதைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவர்கள் சொன்ன ஜனவரி 30இல் அந்தத் துணியும் சேர்ந்துகொண்டது. எது அன்றைக்குக் கேட்டது, எது பத்து வருடம் கழித்துப் பார்த்தது என்று பிரிப்பது சொல்பவருக்கே கஷ்டம்.

பிபிசி சொல்லிட்டான்

1984 அக்டோபர் 31 புதன்கிழமை. தமிழ்நாடு அதற்கு முன்னாலேயே ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தது. அக்டோபர் 5ஆம் தேதி முதல்வர் எம்ஜிஆர் அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார். அமைச்சர் ஹண்டே அவருடைய உடல்நிலை பற்றித் தரும் அறிக்கைக்காக ஊர் ஊராகக் காத்திருந்தார்கள். கோயில்களில் பிரார்த்தனை, தெருவில் மண்சோறு. இந்த நிலையில் காலை ஒன்பதேகால் மணிவாக்கில் டெல்லியில் இந்திரா காந்தியை அவருடைய மெய்க்காவலர்களே சுட்டார்கள்.

அகில இந்திய வானொலி சாவை அறிவித்தது மாலை ஆறு மணிக்கு. இடையில் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். அதற்கு வெகுமுன்பே பிபிசி சொல்லிவிட்டது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் திருப்பிக்கொண்டிருந்தார். நம் பக்கத்திலும் "பிபிசி சொல்லிட்டாம்ப்பா" என்பது முத்திரை குத்தின மாதிரி. அரசாங்க ரேடியோ வீணை வாசித்துக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டு ரேடியோ சொன்னதை நம்புவது என்ற பழக்கம் நெருக்கடி நிலைக் காலத்திலேயே வேர் விட்டிருந்தது.

அன்றைக்குச் சேதி கேட்டவர்களிடம் பேசினால் திரும்பத் திரும்ப ஒன்று வரும். "முதல்ல எம்ஜியார்னுதான் நினைச்சோம்." கடையடைக்கிறார்கள், பஸ் நிற்கிறது, ஆட்கள் ஓடுகிறார்கள் என்றால் மதுரைக்காரர் மனசு அப்போலோவுக்குத்தான் போகும். இந்திரா என்று தெரிந்ததும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது, அப்புறம் அப்படி நிம்மதிப்பட்டதற்கே வெட்கமாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு. புத்தகத்தில் எழுதப்பட்ட 1984இல் இந்த நிம்மதிக்கும் வெட்கத்துக்கும் இடமில்லை. டீக்கடை நினைவில் இருக்கிறது.

இல்லாத பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்

அப்புறம் நிஜமாகவே எம்ஜிஆர் இறந்தார். 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை விடிவதற்கு முன். மார்கழிக் குளிர். கோயில் குழாயில் திருப்பாவை போடுகிற நேரம். மதுரை மேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்தவர், 1981 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டை மதுரையில் நடத்தியவர். இங்கே ஒவ்வொரு தெருவும் அவரைத் தன் வீட்டு ஆளாகத்தான் நினைத்தது.

என் உறவினர் ஒருவர் அந்த நாளை அச்சு அசலாகச் சொல்வார். விடிகாலையில் மேலூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாராம். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாராம். "தலைவர் போயிட்டாருண்ணே"ன்னு சொன்னாராம். அதற்கப்புறம் பஸ் கிடையாது, சரக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடை. அடுப்பில் ஊற்றிய தண்ணீர் சீறின சத்தம்கூட அவர் காதில் இருக்கிறது.

மாட்டுத்தாவணி பஸ் நிலையம் திறந்தது 1999இல்.

அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் இறங்கியது அநேகமாக அண்ணா பஸ் நிலையமாக இருக்கும். இருபது வருடமாக மாட்டுத்தாவணியில் இறங்கி இறங்கிப் பழகிய கால்கள் நினைவையும் அங்கேயே இறக்கிவிட்டன. மாட்டுத்தாவணிக்கு இப்போது எம்ஜிஆர் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்திருக்கலாம்.

உளவியலாளர் உல்ரிக் நைசருக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சேதி வந்தபோது, வீட்டில் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்ததாக அவர் பல வருடம் நம்பினார். அமெரிக்காவில் டிசம்பரில் பேஸ்பால் ஆட்டமே நடக்காது என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. இதனால்தானோ என்னவோ, 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். மறுநாள் காலையிலேயே 106 மாணவர்களிடம் சேதி எப்படிக் கேட்டீர்கள் என்று கைப்பட எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருடத்துக்கும் மேல் கழித்து அவர்களில் 44 பேரைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார். 11 பேருடைய பதில் முழுக்க முழுக்கத் தப்பு. முழுசாகச் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். தப்பாகச் சொன்னவர்களும் உறுதியாகத்தான் சொன்னார்கள். அவர்களுடைய பழைய கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. முதலில் டிவியில் பார்த்ததாக எழுதியவர்களைவிட, வருடம் போனபின் டிவியில்தான் முதலில் பார்த்தேன் என்று சொன்னவர்கள் இரண்டு மடங்குக்கு மேல். யாரோ ஓடி வந்து சொன்னது மறைந்துபோய், அப்புறம் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தது முதல் சேதியாகிவிட்டது.

நம் பக்கத்தில் இதைச் சோதிக்க 1991 மே 21 நல்ல உதாரணம். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டது இரவு 10.20 மணிக்கு. கிராமங்கள் தூங்கிவிட்ட நேரம். தமிழ்நாட்டில் அப்போது தூர்தர்ஷனை விட்டால் வேறு டிவி கிடையாது. சன் டிவி வந்தது 1993 ஏப்ரலில். ஆனாலும் அந்த ராத்திரியே சன் டிவியில் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை பாதியில் விட்டுவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. மே மாதத்தில் ஏது பள்ளிக்கூடம்? 1984இல் விட்டதுதான் 1991க்கு வந்து ஒட்டிக்கொண்டது. சந்தன மாலையோடு நின்ற அந்தப் பெண்ணை எல்லோரும் "அன்றைக்கே" பார்த்த மாதிரி சொல்வார்கள். அந்தப் படம் குண்டுவெடிப்பிலேயே இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவில் மிஞ்சியது. பத்திரிகையில் வந்தது சில நாள் கழித்து.

அப்படியானால் இந்த நினைவுகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாமா? கூடாது என்பது என் எண்ணம். என் உறவினர் இடத்தைத் தப்பாகச் சொல்கிறார். ஆனால் அடுப்பை அணைத்த டீக்கடை, நின்றுபோன பஸ், தலைச்சுமையோடு நடை இவையெல்லாம் அந்த நாளின் உண்மைகள். பத்துப் பேரிடம் கேட்டு ஒன்றோடொன்று உரசிப் பார்த்தால் அவை தனியாகத் தெரிந்துவிடும். தலைவர் இறந்தால் ஊர் எப்படி மூடிக்கொள்கிறது, கூலிக்காரனுக்கு அன்றைய சோறு என்னவாகிறது என்பதை எந்த அரசாங்கக் குறிப்பும் எழுதி வைப்பதில்லை.

1997 ஜூன் 30

இன்னும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. "பெரிய சேதி" என்கிறோமே, யாருக்குப் பெரிய சேதி?

1977இல் ரோஜர் பிரௌன், ஜேம்ஸ் கூலிக் என்ற இருவர் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் 40 பேரிடமும் வெள்ளையர் 40 பேரிடமும் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். கென்னடி சுடப்பட்டபோது எங்கே இருந்தோம் என்று இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். மார்ட்டின் லூதர் கிங் பற்றிக் கேட்டபோது கணக்கு மாறியது. கறுப்பினத்தவரில் நான்கில் மூன்று பங்குப் பேருக்கு அந்த நிமிடம் நினைவிருந்தது. வெள்ளையரில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத்தான் இருந்தது. ஒரே நாடு, ஒரே நாள், ஒரே சேதி. இழப்பு யாருக்கோ அவர்களிடம்தான் நினைவும் தங்கியது.

மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது மேலவளவு. 1996இல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனுப் போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், தேர்தல் நின்றது, வாக்குப்பதிவில் கலவரம் நடந்தது. கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஆனாலும் ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார அவரை விடவில்லை. 1997 ஜூன் 30 திங்கட்கிழமை மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பியபோது, ஊருக்கு அருகில் பஸ்ஸை மறித்து முருகேசனையும் அவரோடு சேர்த்து ஆறு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில், பயணிகள் கண்ணெதிரே.

அன்றைக்கு உலகத்தின் பெரிய சேதி வேறு. அன்று நள்ளிரவு ஹாங்காங்கைப் பிரிட்டன் சீனாவிடம் ஒப்படைத்தது. உலக டிவிகள் எல்லாம் அந்தக் கொடியிறக்கத்துக்குக் காத்துக்கொண்டிருந்த சாயங்காலம், மேலவளவுச் சேரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சேதி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் ஜூன் 30 அன்று மேலவளவு நினைவிடத்தில் கூட்டம் கூடுகிறது. வயலில் இருந்தேன், வேலைக்குப் போன இடத்தில் இருந்தேன், அந்தப் பஸ்ஸிலேயே வர இருந்தேன் என்று சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதே மதுரையில், அதே வயசில், எம்ஜிஆர் இறந்த நாளை நிமிடக் கணக்கில் சொல்லும் எத்தனையோ பேருக்கு 1997 ஜூன் 30 என்றால் எதுவும் தோன்றாது. மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குள் அந்தச் சேதி முதலில் இருந்தே இறங்கவில்லை.

2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டிய தண்டனைக் குறைப்பில் அவர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஊர் முழுக்க நினைவு வைத்திருக்கும் ஒருவருடைய நூற்றாண்டின் பெயரில், ஒரு சேரி மட்டும் நினைவு வைத்திருக்கும் கொலையின் தண்டனை முடித்து வைக்கப்பட்டது. அந்தச் சேதி வந்த நிமிடத்தையும் மேலவளவில் சில வீடுகள் இனி விடாமல் வைத்திருக்கும்.

பெரிய தலைவர் சாவைப் பற்றிய நினைவு ஊரை ஒன்றாகக் காட்டும். "நாங்க எல்லாரும் அன்னைக்கு அழுதோம்" என்பார்கள். அந்த "எல்லாரும்" எங்கே அறுபடுகிறது என்று பார்க்க, இந்த மாதிரி இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துக் கேட்டாக வேண்டும்.

ரெண்டு தடவை வந்த சேதி

2016 டிசம்பர் 5 சாயங்காலம் ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில தமிழ்ச் செய்தி சேனல்கள் சொல்லிவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30க்கு இறந்ததாக நள்ளிரவுக்குப் பின் அறிவிப்பு வந்தது. அன்றைக்கு எங்கே இருந்தீங்க என்று கேட்டால் மதுரைக்காரர் திருப்பிக் கேட்பார்: "எந்தச் சேதிக்கு? சாயங்காலம் வந்ததுக்கா, ராத்திரி வந்ததுக்கா?" சாயங்காலத்தை நன்றாகச் சொல்வார்கள். ஷட்டர் இறங்கின சத்தம், பெட்ரோல் பங்கில் வரிசை, பிள்ளையைக் கூட்டிவர டியூஷனுக்கு ஓடினது. ராத்திரி வந்த உண்மையான சேதியைப் பாதிப் பேர் படுக்கையில் கிடந்தபடி போனில் பார்த்துவிட்டுப் புரண்டு படுத்தார்கள்.

1984இல் ஒன்பது மணி நேரம் அரசாங்க ரேடியோ வாயை மூடிக்கொண்டிருந்தது. 2016இல் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். இரண்டு நாளிலும் ஊர் செய்த காரியம் ஒன்றுதான்: தெரிந்த ஒருவரிடம் போய் "நெசமா?" என்று கேட்டது. வித்தியாசம் என்னவென்றால், முன்பு அந்தத் தெரிந்தவரிடம் நடந்து போக வேண்டியிருந்தது. போன இடம், பார்த்த முகம், கேட்ட குரல் மூன்றும் சேர்ந்துதான் நினைவாயின. படுக்கையில் போனைப் பார்த்தவருக்கு இருபது வருடம் கழித்துச் சொல்ல இடமும் இல்லை, முகமும் இல்லை. எந்த சேதியைப் பார்த்தபோதும் அவர் அதே தலையணையில்தான் இருந்தார்.

தந்திச் சேவையை 2013 ஜூலையில் இழுத்து மூடிவிட்டார்கள். தந்தி என்ற சொல் மட்டும் மதுரையில் பிறந்த பத்திரிகையின் பெயரிலும் டிவியின் பெயரிலும் இருக்கிறது. 1948இல் பத்து வயசாக இருந்தவர்கள் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். எங்கே இருந்தீங்க என்பதோடு நிறுத்த வேண்டாம். யார் வந்து சொன்னாக, சொன்னவருக்கு யார் சொன்னாக, அன்னைக்குக் கூலி கிடைச்சதா, ராத்திரி அடுப்பு எரிஞ்சதா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பஸ் ஸ்டாண்ட் அந்த வருடம் இல்லாமல் இருக்கலாம். திருத்த வேண்டாம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தேதியைப் பிற்பாடு நாம் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்கும் போய், "உங்களுக்கு மறக்காத சேதி எது?" என்று தேதி எதையும் எடுத்துக் கொடுக்காமல் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தேதி உங்கள் பட்டியலில் இல்லாததாக இருக்க வாய்ப்பு அதிகம்.